காரீயச் சிப்பாயும் மாக்கோழியும்

போரை விளையாட்டாக ஆடலாமா? ஆடினால் அது வெறும் விளையாட்டுதானா, இல்லை அதிலும் கொஞ்சம் பாவம் ஒட்டிக்கொள்ளுமா? சங்கத்தின் ஆண்டு மலரில் இப்படி ஒரு விஷயமா என்று அன்பர்கள் நினைக்கலாம். கோயில், கல்வெட்டு, காப்பியம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தக் கட்டுரையிலும் அவை மூன்றும் வரும். ஆனால் அவற்றிடம் போய்ச் சேருவதற்கு இங்கிலாந்து, ஜெர்மனி வழியாக ஒரு சுற்று சுற்றி வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு ஆட்டம் இருக்கிறது. 'வார்கேமிங்' என்பார்கள். நாம் பொம்மைப் போர் என்று சொல்லலாம். மேசைமேல் பச்சைத் துணி விரித்து, அதில் குன்று, காடு, ஓடை எல்லாம் செய்து வைத்து, அரை அங்குலத்துக்குச் சற்றே உயரமான சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடுவது. பல காலத்துப் போர்களுக்கும் இந்த ஆட்டம் உண்டு. அதில் வெடிமருந்துக்கு முற்பட்ட பண்டைய, இடைக்காலப் படைகளை மட்டும் வைத்து ஆடுவது தனிப் பிரிவு. ரோமானியர், பாரசீகர், மங்கோலியர், நம் ஊர் யானைப்படை எல்லாம் இதில் அடக்கம். சதுரங்கப் போட்டி மாதிரியே இதற்கும் போட்டிகள் நடக்கின்றன.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில்தான் முளைத்தது. என் மகன் வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இருக்கிறான். பதினைந்து வயதுப் பேரன் அங்கே இந்த ஆட்டத்தில் சேர்ந்து, பழந்தமிழர் படையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் போனில், "தாத்தா, தக்கோலம் எங்கே இருக்கு? அங்கே ராஜாதித்தர் எப்படிச் செத்தார்?" என்று கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் வந்தவாசிப் பக்கத்தில் இருக்கிற என் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "தம்பி, மாவுல செஞ்ச கோழிய வெட்டினதுக்கே எத்தன பிறவி எடுக்கவேண்டி வந்துச்சு? இவன் ஈயத்துல செஞ்ச மனுசங்கள வரிசையா நிக்கவச்சுச் சாய்க்கிறானே, அது மட்டும் பாவம் இல்லையா?" என்றார்.

சமணக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அக்கா எதைச் சொல்கிறார் என்று உடனே புரியும். மற்றவர்களுக்குப் பின்னால் விளக்குகிறேன். பதில் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் இந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சதுரங்கத்திலிருந்து மேசைப் போருக்கு

யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகளைக் கொண்ட படைக்குச் சதுரங்கம் என்று பெயர். அதே பெயர் கட்டத்தில் ஆடும் ஆட்டத்துக்கும் வந்தது. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் இந்த ஆட்டம் பேசப்படுகிறது. இங்கிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும் அது போனது. ஆக, படையைப் பலகைமேல் வைத்து ஆடும் வித்தைக்கு மூலமுதல் நம் நாடுதான்.

ஐரோப்பியர்கள் அதை எடுத்து வேறு விதமாக வளர்த்தார்கள். 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்துப் புது ஆட்டம் ஒன்றைச் செய்தார். சதுரங்கத்துக்கு 64 கட்டம். இவர் பலகைக்கு 1,617 கட்டம். சமவெளி, சதுப்பு, மலை என்று கட்டத்துக்குக் கட்டம் நிறம் வேறு. அடுத்து பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் இன்னொரு வகை ஆட்டத்தை மன்னருக்குக் காட்டினார். ராணுவ அதிகாரியான அவர் மகன் 1824இல் அதைத் திருத்தி விதிப் புத்தகமாக வெளியிட்டார். கட்டங்களை எடுத்துவிட்டு உண்மையான நிலப்படத்தின்மேல் ஆடச்செய்தார். சண்டையின் முடிவுக்குப் பகடை, தீர்ப்புச் சொல்ல நடுவர். பார்த்த தலைமைத் தளபதி முஃப்லிங், இது விளையாட்டே இல்லை, போர்ப் பயிற்சி என்று மகிழ்ந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். 1866இலும் 1870-71இலும் பிரஷ்யா பெற்ற வெற்றிகளைப் பார்த்துப் பிற நாட்டு ராணுவங்களும் இந்தப் பயிற்சியைக் கைக்கொண்டன.

இங்கே கவனியுங்கள். படையிலிருந்து பிறந்த விளையாட்டு திரும்பப் படையிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. இது ஒரு கிளை. இன்னொரு கிளை வேறு திசையில் போனது.

வார்ப்பும் வெல்ஸும்

நான் மும்பையில் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பாத்திர வியாபாரம் செய்கிறவன். பித்தளைக்குப் பூசுகிற ஈயம் எது, குழாய்க்குப் போகிற ஈயம் எது என்று கை சொல்லும். அதனால் இந்தப் பொம்மைகளின் உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பொம்மைச் சிப்பாய்கள் காரீயமும் வெள்ளீயமும் கலந்து, கெட்டிக்கக் கொஞ்சம் ஆன்டிமனி சேர்த்து வார்த்தவை. 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற நிறுவனத்தார் ஒரு யுக்தி செய்தார்கள். உருக்கின குழம்பை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இறுகாமல் இருப்பதைக் கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை சல்லிசு. நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் படை சேர்க்க முடிந்தது. இன்றைக்குக் காரீயத்தைக் குறைத்தோ நீக்கியோ வெள்ளீயம் மிகுந்த கலவையில் வார்க்கிறார்கள். பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது.

இந்த மலிவுப் பொம்மைகளை வைத்து 1913இல் ஹெச்.ஜி. வெல்ஸ் ஒரு புத்தகம் போட்டார். விஞ்ஞானக் கதைகள் எழுதினவரேதான். 'லிட்டில் வார்ஸ்', அதாவது சின்னப் போர்கள் என்று பெயர். தரையில் பொம்மைகளை நிறுத்தி, சின்ன விசைப் பீரங்கியால் மரக் குச்சியைச் சுட்டு ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் அதில் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையனிலிருந்து நூற்றைம்பது வயதுக்காரர் வரை ஆடலாம் என்று தலைப்பிலேயே வேடிக்கையாகப் போட்டிருக்கிறார். ஆனால் கடைசி அத்தியாயம் வேடிக்கை இல்லை. போர் ஆசை பிடித்தவர்களை எல்லாம் ஒரு அறையில் அடைத்து இந்தப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் உலகம் பிழைக்கும், நிஜப் போர் என்பது மனித அறிவுக்கு மீறின மடத்தனம் என்பது அவர் வாதம். போரைக் கற்பதற்கு அல்ல, போருக்குப் பதிலாக விளையாட்டு.

அடுத்த ஆண்டே, 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் வந்தது. அதே வெல்ஸ், போரை ஒழிக்கப்போகும் போர் இது என்று தம் நாட்டுப் பக்கம் நின்று எழுதினார். மேசையில் போரை அடைத்துவிடலாம் என்று சொன்னவரையே போர் இழுத்துக்கொண்டது. ஆகவே, பொம்மைப் போர் ஆடினால் நிஜப் போர் தானாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிரஷ்யா ஒரு சாட்சி, வெல்ஸ் இன்னொரு சாட்சி.

போட்டி எப்படி நடக்கிறது

பண்டையப் படைகளின் ஆட்டம் இங்கிலாந்தில் வேர்விட்டது 1950, 60களில். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்பவர் 1962இல் எழுதிய புத்தகம் பலரை இழுத்தது. அவர் தொழிலில் பேராசிரியர் இல்லை. சௌதாம்ப்டன் கால்பந்து அணிக்கு உடற்பயிற்சி மருத்துவம் பார்த்தவர். 1965இல் டோனி பாத் முதலானோர் சேர்ந்து 'சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கி, 'ஸ்லிங்ஷாட்' (கவண்) என்ற இதழை நடத்தினார்கள். 1969இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் ஒரு விதிப் புத்தகம் வெளியிட்டார்கள். கி.மு. 1000 முதல் கி.பி. 500 வரையுள்ள படைகளுக்கு அது. இங்கிலாந்தின் போட்டிகள் அதை வைத்து வளர்ந்தன. 1990இல் மிகச் சுருக்கமான டி.பி.ஏ. விதிகளும், 1993இல் பெரிய படைகளுக்கான டி.பி.எம். விதிகளும் வந்தன. அதன்பின் வேறு பல விதிகளும் வந்திருக்கின்றன.

டி.பி.ஏ. முறையைச் சொல்லிவிடுகிறேன், தாயம் ஆடத் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பக்கத்துக்குப் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொரு தட்டும் நாற்பது மில்லிமீட்டர் அகலம். அதில் மூன்று நான்கு காலாள்கள் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் மூன்று குதிரைகள், இல்லையென்றால் ஒற்றை யானை. ஆடுகளம் இரண்டடிக்கு இரண்டடி. முறை வரும்போது பகடை உருட்டவேண்டும். விழுகிற எண் எத்தனையோ அத்தனை நகர்த்தல்தான். நான்கு பக்கமும் படை சிதறிக் கிடக்கும்போது ஒன்று விழுந்தால் தீர்ந்தது, ஒரு பகுதிக்குத்தான் கட்டளை போகும். நிஜ சேனாபதியின் நிலைமையும் அதுதானே? தட்டும் தட்டும் முட்டினால் இருவரும் பகடை போட்டு, தத்தம் பலத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். குறைந்தவன் பின்வாங்குவான், பாதியாகக் குறைந்தால் அழிவான். யானைக்குப் பலம் அதிகம். ஆனால் ஓடி ஓடி எறிகிற லேசான ஈட்டிக்காரனிடம் தோற்றால் அப்போதே அழிந்துபோகும். கி.மு. 202இல் ஜாமாப் போரில் ஹன்னிபாலின் யானைகளுக்கு என்ன ஆயிற்று என்று படித்தவர்களுக்கு இந்த விதியின் காரணம் விளங்கும். நான்கு தட்டுகளை, அதாவது படையில் மூன்றில் ஒரு பங்கை, எதிரியைவிட முந்தி இழந்தவன் தோற்றான். சேனாபதி ஏறிய தட்டு விழுந்தாலும் அநேகமாக ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

பேரனோடு போய் ஒரு போட்டியைப் பார்த்தேன். பெரிய கூடத்தில் மேசை மேசையாகப் போட்டிருக்கிறது. அவரவர் படைப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, இத்தனை யானை, இத்தனை வில்லாள் என்று சரிபார்த்தாகவேண்டும். இஷ்டத்துக்கு யானை சேர்க்க முடியாது. அந்தந்த நாட்டுப் படைகளுக்கு வரலாற்றை ஆராய்ந்து வரம்பு போட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தமிழர், சிங்களவர் படைகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள். பொதுப் போட்டியில் காலமும் இடமும் கலந்துவிடும். சோழர் படைக்கு எதிரே வைக்கிங் படை நிற்கும், ரோமானியருக்கு எதிரே ஜப்பானிய சாமுராய் நிற்பார்கள். கணக்குப்பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தாத்தாக்கள் என்று எல்லா வகையும் அங்கே பார்த்தேன். கடை வேலை முடித்துவிட்டு ராத்திரி கல்வெட்டுத் தொகுதி புரட்டுகிற எனக்கு அவர்களைப் பார்த்தால் அந்நியமாகவே தோன்றவில்லை.

தக்கோலம் மேசைக்கு வந்தது

பேரன் கேட்ட தக்கோலத்துக்கு வருவோம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். கி.பி. 949இல் முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை அங்கே எதிர்த்து நின்றான். கிருஷ்ணனுக்குத் துணையாக வந்தவன் அவன் மைத்துனன், கங்க அரசன் பூதுகன். யானைமேல் இருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். சோழர் படை உடைந்தது. தொண்டை மண்டலம் கைமாறியது. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று கிருஷ்ணன் தன் கல்வெட்டுகளில் போட்டுக்கொண்டான். யானைமேல் துஞ்சிய தேவர் என்று ராஜாதித்தனைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தத் தோல்வியிலிருந்து எழுந்து நிற்கச் சோழர்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

சேனாபதியின் தட்டு விழுந்தால் ஆட்டம் போயிற்று என்ற விதி ஏன் இருக்கிறது என்று இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் பிள்ளைக்குச் சொல்லாது. யானைமேல் ஏறினால் படை முழுக்க அரசனைப் பார்த்துத் தெம்படையும். எதிரிக்கும் அவன் நன்றாகத் தெரிவான்! அரசனை முன்னால் நிறுத்துவதா, பின்னால் வைப்பதா என்று பேரன் மேசைமுன் அரை மணி நேரம் யோசிக்கிறான். அந்த யோசனை ராஜாதித்தனின் யோசனைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போகிறது. இந்த ஆட்டத்தின் பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கில் வராதவை

ஆனால் ஆட்டத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. விழுந்த தட்டைக் கையில் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அடுத்த சுற்றுக்கு அதே சிப்பாய்கள் மீண்டும் வருவார்கள். ஒரு தட்டு பல நூறு பேரைக் குறிக்கிறது என்பது விதிப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது.

தக்கோலப் போரைப் பற்றி நமக்குச் சொல்கிற கல்வெட்டு ஒன்று கர்நாடகத்தில் ஆதகூரில் கிடைத்தது. ராஜாதித்தனைக் கொன்றது பூதுகன் என்றும், அதற்காகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளைக் கொடுத்தான் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கல் போர் வெற்றிக்காக நட்டதில்லை. பூதுகனின் வீரன் மணலேரன், பரிசாக வேறெதுவும் வேண்டாம் என்று காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்தது. அந்த நாய்க்கு வைத்த நினைவுக்கல் அது! ஒரு ராஜகுமாரன் செத்த செய்தியும் ஒரு நாய் செத்த செய்தியும் ஒரே கல்லில். இதைக் கேட்ட பேரன், கங்கர் படையின் பாசறைத் தட்டில் ஒரு சின்ன நாயைச் செய்து ஒட்டிவைத்தான். விதிப்படி அந்த நாய்க்குப் புள்ளி எதுவும் கிடையாது.

அசோகர் இன்னொரு கணக்குச் சொன்னார். கலிங்கப் போரில் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போல் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று 13ஆம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். அதோடு நிறுத்தவில்லை. நேரில் அடிபடாதவர்களும் தங்கள் உற்றார் பட்ட துன்பத்தால் துன்பப்பட்டார்கள் என்று அதையும் சேர்த்தார். சோழர், பாண்டியர் பெயர் வருகிற கல்வெட்டும் அதுதான். வென்றவனே இழப்பைக் கணக்கெடுத்தது உலக சரித்திரத்தில் அபூர்வம். எந்தப் படைப் பட்டியலிலும் இந்தப் பத்தி கிடையாது.

மாக்கோழி

இனி அக்காவின் கேள்வி. யசோதர காவியம் நம் ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. யசோதரன் என்ற அரசனுக்குக் கெட்ட கனவு வந்தது. தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொன்னாள் தாய் சந்திரமதி. அவனுக்கு மனம் வரவில்லை. கடைசியில் சமாதானமாக, மாவினால் ஒரு கோழி செய்து அதை வெட்டிப் பலி கொடுத்தார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் அந்த வினை, தாயையும் மகனையும் மயில், நாய் முதலான பல பிறவிகளில் போட்டு வாட்டி எடுத்தது. மாவுக்கு உயிர் இல்லை. ஆனால் வெட்டுகிற மனதில் உயிரைக் கொல்லும் எண்ணம் இருந்ததே, அதுதான் கொலை என்பது கதையின் கருத்து.

இந்தக் கதையைத் தேடிக்கொண்டு போனபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இதே கதையை வடமொழியில் யசஸ்திலகம் என்ற பெரிய நூலாகச் செய்தவர் சோமதேவ சூரி என்ற திகம்பர முனிவர். சக ஆண்டு 881, அதாவது கி.பி. 959இல் முடித்தார். அப்போது பாண்டியர், சோழர், சேரர், சிங்களவரை வென்று கிருஷ்ணராஜ தேவன் மேல்பாடியில் தங்கியிருந்தான் என்று நூலின் முடிவில் எழுதியிருக்கிறார். எந்தக் கிருஷ்ணன்? தக்கோலத்தில் வென்றானே, அவனேதான். மேல்பாடி எங்கே? நம் வேலூர்ப் பக்கம். தக்கோலத்தில் ரத்தம் காய்ந்து பத்தே ஆண்டுகளில், அந்த வெற்றியைக் கொண்டாடிய மன்னனின் ஆட்சி நிழலில், ஒரு முனிவர் மாவுக் கோழிக்காக அழுகிற கதையை எழுதி முடிக்கிறார்! பேரனின் மேசையும் அக்காவின் கேள்வியும் ஒரே மன்னனின் காலத்தில் வந்து சந்திக்கின்றன.

அந்தச் சோமதேவரே பதிலுக்கும் வழி காட்டுகிறார். மீனவனையும் உழவனையும் உதாரணம் சொல்கிறார். வலையோடு போனவன் அன்று ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை, ஆனாலும் கொல்லும் எண்ணத்தோடு போனதால் பாவி. உழுகிறவன் ஏரின் கீழ் எத்தனையோ பூச்சி சாகிறது, ஆனாலும் கொல்லுவது அவன் எண்ணமில்லை என்பதால் அந்தப் பாவம் அவனுக்கு இல்லை. நம் சமண நூலோர் இம்சையை நான்காகப் பிரிப்பார்கள். எண்ணியே செய்வது சங்கற்பம், சமையல் போன்ற வீட்டுக் காரியத்தில் நேர்வது ஆரம்பம், தொழிலில் நேர்வது உத்தியோகம், தன்னையும் நாட்டையும் காக்கும்போது நேர்வது விரோதம். இல்லறத்தான் முற்றாக விடவேண்டியது முதலாவதை. அதனால்தான் சமண நெறியில் நின்ற மன்னர்களும் சேனாபதிகளும் போருக்குப் போயிருக்கிறார்கள். அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்குகிற கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டு, ஆண்டுவாரியாகப் படையெடுப்புகளைத்தான் அடுக்குகிறது. தமிழர் கூட்டணியை முறித்ததும் அதில் வருகிறது.

இந்த அளவுகோலால் பொம்மைப் போரை அளந்து பார்த்தேன். யசோதரன் மாக்கோழியை உயிராகப் பாவித்து, அந்த உயிருக்குப் பதில் தனக்கு நன்மை வரட்டும் என்று வெட்டினான். மேசைமுன் இருக்கிற பிள்ளை சிப்பாயைச் சிப்பாயின் குறியாகத்தான் பார்க்கிறான். யாரையும் கொல்லவேண்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை, எதிரே இருப்பவரின் யுக்தியை வெல்லவேண்டும் என்பதுதான் எண்ணம். ஆகவே மாக்கோழிப் பாவம் இதில் சேராது என்பது என் முடிவு.

ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. கோபம், மானம், மாயை, லோபம் என்ற நான்கு கசாயங்கள்தான் வினையை ஒட்டவைக்கும் பசை. அந்தக் கூடத்தில் நான்கையும் பார்க்கலாம். பகடை சரியாக விழாததற்கு எதிராளிமேல் எரிந்து விழுகிறவர் இருக்கிறார், அது கோபம். வென்றுவிட்டு எக்காளம் போடுகிறவர் இருக்கிறார், அது மானம். அளவுகோலை இரண்டு மில்லிமீட்டர் நைசாகத் தள்ளிப்பிடித்தால் அது மாயை. கோப்பை ஒன்றே குறியாக நின்றால் அது லோபம். ஈயச் சிப்பாயைச் சாய்ப்பதில் இல்லாத இம்சை, எதிரே இருக்கிற மனிதரின் மனதை நோகடிப்பதில் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கி, ஒன்றாகத் தேநீர் குடிக்கப் போகிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பேரன் விடாமல் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அக்காவுக்கும் இதையெல்லாம் விளக்கிக் கடிதம் போட்டேன். "கோபம் வராம ஆடுறான்னா ஆடட்டும். ஆனா அசோகர் சொன்ன கணக்கையும் சொல்லிக்குடு" என்று பதில் வந்தது.

பாகுபலி காட்டிய வழி

கடைசியாக ஒன்று. கங்க மன்னர்களின் சேனாபதி சாமுண்டராயன், பல போர்களில் வென்று சமர பரசுராமன் என்று பட்டம் பெற்றவன். அவன் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்துக்கு ஒரு சிலையை எழுப்பினான். நம்மில் பலர் போய்ப் பார்த்திருப்போம். அது யாருடைய சிலை? பாகுபலியின் சிலை.

நாங்கள் வீடுகளில் வாசிக்கிற ஸ்ரீபுராணத்தில் அந்தக் கதை இருக்கிறது. ஆதிநாதரின் மக்கள் பரதனும் பாகுபலியும் நாட்டுக்காகப் படைகளோடு எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பக்கத்து அமைச்சர்களும் கூடிப் பேசினார்கள். சண்டை அண்ணன் தம்பிக்குள், இதில் ஊரார் பிள்ளைகள் எதற்குச் சாகவேண்டும், நீங்கள் இருவர் மட்டும் மோதிப் பாருங்கள் என்றார்கள். கண் இமைக்காமல் பார்ப்பது ஒன்று, நீரில் நின்று நீரை வாரி அடிப்பது ஒன்று, மற்போர் ஒன்று என்று மூன்று போட்டிகள் வைத்தார்கள். படைகள் நின்று வேடிக்கை பார்த்தன, ஒரு சிப்பாயும் சாகவில்லை. மூன்றிலும் வென்ற பாகுபலி, அண்ணனைத் தலைக்குமேல் தூக்கிய அந்த நிமிஷத்தில் வெற்றியே வெறுத்துப்போய், நாட்டைக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டான். போரைப் போட்டியாக மாற்றின முதல் கதை வெல்ஸுடையது இல்லை, இதுதான் என்று நான் நினைக்கிறேன். வெல்ஸ் விட்ட இடமும் இதில் இருக்கிறது. போரைப் போட்டியாக மாற்றினால் மட்டும் போதாது, வென்ற பிறகு மனம் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வளர்கிற நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வரலாறு எந்த வாசல் வழியாக வரும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. ஒருவனுக்குப் பாட்டு வழியாக வரும், ஒருத்திக்கு நாட்டியம் வழியாக வரும், ஒருவனுக்கு ஈயச் சிப்பாய் வழியாகவும் வரலாம். வாசலை அடைக்கவேண்டாம். சேனாபதி எங்கே நின்றான் என்று அவர்கள் கேட்டால் தேடிப் படித்துச் சொல்லுவோம். அப்படியே ஆதகூர் நாயையும், கலிங்கத்துக் கணக்கையும், மாவுக் கோழியையும் சேர்த்துச் சொல்லுவோம். விதிப் புத்தகத்தில் இல்லாததைச் சொல்லத்தானே வீட்டில் பெரியவர்கள் இருக்கிறோம்.